காட்டில் சாட்சியில்லை: வேட்டையாடுவோனின் பொறுப்புப் பற்றிய ஒரு நோக்கு

ஒழுக்கம் பற்றிய நமது சிந்தனைகள் பெரும்பாலும் மனிதரை மனிதர் பார்த்துக்கொண்டிருக்கும் இடங்களிலேயே பிறந்தவை. வீடு, வீதி, சந்தை, சபை, நீதிமன்றம் ஆகிய எல்லா இடங்களிலும் ஒருவன் செய்வதை இன்னொருவன் காண்கிறான். கண்டு மெச்சுகிறான் அல்லது பழிக்கிறான். பழிக்கு அஞ்சுதலும் புகழை விரும்புதலும் நம்மை நெறிப்படுத்துவதில் எத்துணைப் பங்கு கொள்கின்றன என்பதை நாம் எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. ஆனால், ஒருவன் துவக்குடனோ கம்பிச் சுருக்குடனோ காட்டுக்குள் நுழையும்போது இப்பார்வைகள் யாவும் பின்னே நின்றுவிடுகின்றன. அவன் ஒரு பிணைமானைச் சுடாது விட்டாலும் பாராட்டுவதற்கு அங்கு எவரும் இலர். சுட்டுக் காயப்படுத்தி, அது ஓடிச் சாகும்படி விட்டுவிட்டு வீடு திரும்பினாலும் ஏசுவதற்கு எவரும் இலர். இத்தகைய சாட்சியற்ற இடத்தில், கொல்வதற்கென்றே சென்ற ஒருவனுக்குக் காட்டின் மீதும் அதில் வாழும் உயிர்கள் மீதும் ஏதேனும் கடமை உண்டா? உண்டெனின், அது எங்கிருந்து பிறக்கிறது? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினாக்களே பொருத்தமற்றவை எனச் சிலர் கூறக்கூடும். கொலையே பாவமாயின், கொல்பவனிடம் கருணை பற்றிப் பேசுவது நகைப்புக்கிடமானது என்பர் ஒரு சாரார். யானை, சிறுத்தை, மான், மரை முதலியவற்றை வேட்டையாடுவதை நம் நாட்டுச் சட்டம் தடைசெய்துள்ளபோது, தடைசெய்யப்பட்ட ஒரு செயலைச் செம்மையாகச் செய்வது எவ்வாறு என வினவுவதிற் பயனில்லை என்பர் மற்றொரு சாரார். இரு கூற்றுகளிலும் உண்மை உண்டு. ஆயினும் சட்டம் தடுத்த பின்னரும் வேட்டை நின்றுவிடவில்லை. அது தன் வடிவத்தை மாற்றிக்கொண்டது. மாறிய வடிவம் முன்னையதிலும் கொடியது என்பதே எனது கருத்து. இக்கருத்தை நான் நூல்களிலிருந்து மட்டும் பெறவில்லை.

வன்னியின் காடோரக் கிராமமொன்றே எனது ஊர். என் அம்மப்பா தமது இளமைக் காலத்தில் வேட்டைக்காரர். விதைப்புக்கும் அறுவடைக்கும் இடைப்பட்ட நாட்களில் இடியன் துவக்கொன்றுடன் அவர் காட்டுக்குச் செல்வாராம். அவர் சொல்லக் கேட்ட கதைகள் பல மறந்துவிட்டன; சில எஞ்சியுள்ளன. இடியனில் ஒரு வெடிதான். மருந்தும் ஈயமும் இட்டு இடித்து அடுத்த வெடிக்கு ஆயத்தமாவதற்குள் விலங்கு போய்விடும். ஆகவே, நிற்பது இன்னதென நன்றாகத் தெரிந்தாலன்றி அவர் சுடுவதில்லை. குட்டியோடு நிற்பதைச் சுடுவதில்லை. வெடிபட்ட விலங்கு ஓடினால் இரத்தச் சுவட்டைப் பின்தொடர்வார். பொழுதுபட்டுவிட்டால் மறுநாள் விடிந்ததும் சென்று தேடுவார். அதனைக் கண்டெடுத்த பின்னரே வேறு வேட்டை. மோட்டைகள் வற்றிப்போன கடுங்கோடையில், எஞ்சிய நீருக்கு வரும் விலங்கைக் கரையிற் பதுங்கியிருந்து சுடுவதை அவர் இழிவாகக் கருதினார். கிடைத்த இறைச்சி அயல்வீடுகளுக்குப் பங்கிடப்படும். இவற்றை அவர் அறநெறிகள் என்று சொன்னதில்லை. வேட்டை என்றால் அப்படித்தான் என்பதே அவரது எண்ணமாக இருந்தது.

போர் முடிந்து நாங்கள் மீண்டும் ஊருக்கு வந்து சில ஆண்டுகளின் பின்னர், ஓர் ஆவணி மாதத்தில், காணாமற்போன பசுவொன்றைத் தேடி அம்மப்பாவும் நானும் காட்டுக்குள் சென்றோம். அப்போது எனக்கு வயது 13. நாற்றம் வந்த திசையில் நடந்தபோது ஒரு பாலை மரத்தடியில் பிணைமரையொன்று கிடக்கக் கண்டோம். மோட்டார் சைக்கிளின் கம்பியினாற் செய்யப்பட்ட சுருக்கு அதன் கழுத்தை அறுத்து உட்புகுந்திருந்தது. மரத்தைச் சுற்றி நிலம் வட்டமாகக் கிளறுண்டு கிடந்தது. அது எவ்வளவு நேரம் போராடியிருக்கும் என்பதை அந்த வட்டம் காட்டிற்று. இறந்து நான்கைந்து நாட்களாவது ஆகியிருக்கும். சுருக்கை வைத்தவன் வந்து பார்க்கவேயில்லை. அம்மப்பா நெடுநேரம் எதுவும் பேசவில்லை. பின்னர், “வைச்சவனுக்கே தெரியாது, இது செத்தது” என்று மட்டும் சொன்னார்.

அவ்வொரு வசனத்தின் பொருளை நான் விளங்கிக்கொள்ளப் பல ஆண்டுகள் சென்றன. வேறொன்றையும் இங்கு ஒப்புக்கொள்ள வேண்டும். அதே ஆண்டில் எங்கள் வீட்டிலும் விலைக்கு வாங்கிய காட்டிறைச்சி சமைக்கப்பட்டது. அது எந்தக் கம்பியில் அகப்பட்டது என்று வீட்டில் எவரும் கேட்கவில்லை. மரத்தடியில் கிடந்ததைக் கண்டிருந்த நானும் கேட்கவில்லை.

இனி, கொலையே கூடாது என்னும் கொள்கையை முதலில் நோக்குவோம். நமது மரபில் அதற்குப் பெருமதிப்பு உண்டு. திருக்குறளில் புலால் மறுத்தலுக்கும் கொல்லாமைக்கும் தனித்தனி அதிகாரங்கள் உள்ளன. அவையிரண்டும் துறவறவியலில் வைக்கப்பட்டிருத்தல் கருதத்தக்கது. கொல்லாமையை முழுமையாக மேற்கொண்டு வாழ்பவர்பால் நாம் கொள்ளவேண்டியது மதிப்பேயன்றி வாதமன்று. ஆனால், எல்லாக் கொலையும் ஒன்றே என்று கூறி அப்பாற் சென்றுவிடுவோமாயின், காயப்பட்ட மிருகத்தை மறுநாளும் தேடிச் சென்றவனுக்கும் கம்பியை வைத்து மறந்துபோனவனுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைச் சொல்வதற்கு நமக்குச் சொல்லே இல்லாது போய்விடும். வேறுபாட்டைச் சொல்ல இயலாத அறம், உலகில் உள்ளவாறு வாழும் மனிதருக்கு வழிகாட்ட மாட்டாது.

நம் மரபு இவ்வேறுபாட்டை அறியாததன்று. 12ஆம் நூற்றாண்டிற் சேக்கிழார் இயற்றிய பெரிய புராணத்தில் வேடர் குலத்துப் பிறந்த கண்ணப்ப நாயனாரின் வரலாறு இடம்பெறுகிறது. சிவனுக்குக் கண்ணை அப்பிய அன்பின் கதையாகவே அதனை நாம் படித்திருக்கிறோம். ஆனால் அப்பகுதிக்கு முன்னே, திண்ணனாரும் வேடரும் முதல் வேட்டைக்குச் செல்லும் காட்சி விரிவாகப் பாடப்பட்டுள்ளது. அங்கு அவ்வேடர்கள் செய்யாதவை சிலவற்றையும் சேக்கிழார் கூறுகிறார். யானைக் கன்றுகளை அவர்கள் பின்தொடர்வதில்லை. சிறு குட்டிகளைக் கொலையிற் சேர்ப்பதில்லை. கருவுற்றுத் தளர்ந்து நடக்கும் பிணைகளை அலைக்கழிப்பதில்லை. கொலைத்தொழிலையே வாழ்வாகக் கொண்டவருக்கும் செய்யத்தகாதவை உண்டு என்பதனைச் சைவத்தின் தலையாய காப்பியம் பதிவுசெய்துள்ளமை மனங்கொளற்பாலது.

இம்மூன்று விலக்குகளிலும் பொதுவாயுள்ள ஓர் இயல்பை நாம் நோக்கவேண்டும். கன்றென்று கண்டாலன்றிக் கன்றை விடமுடியாது. கருவுற்றதென்று அறிந்தாலன்றிப் பிணையை விடமுடியாது. விடுதல் காணுதலைச் சார்ந்தது. காணுதல் உடனிருத்தலைச் சார்ந்தது. வேட்டையாடுபவன் விலங்கின் முன் தானே வந்து நிற்கும்போதுதான் கொல்வதா விடுவதா என்னும் தெரிவு அவனுக்குக் கிடைக்கிறது. தெரிவு உள்ள இடத்திலேதான் அறமும் உண்டு. கம்பிச் சுருக்கு இத்தெரிவை ஒழித்துவிடுகிறது. கழுத்தை நீட்டுவது ஆணோ பெண்ணோ, கன்றோ கிழமோ, பன்றியோ சிறுத்தையோ என்பதைக் கம்பி அறியாது. அதனை வைத்தவனும் அறியான். அவன் அவ்வேளையில் வீட்டில் உறங்கிக்கொண்டிருப்பான். அம்மப்பா சொன்ன வசனத்தின் பொருள் இதுவே என இப்போது எண்ணுகிறேன். காட்டில் வேறு சாட்சி இல்லாத இடத்தில் எஞ்சியிருக்கும் ஒரே சாட்சி வேட்டைக்காரன்தான். சுருக்கு அவனையும் அகற்றிவிடுகிறது.

இவ்வாதத்துக்கு ஒரு தடை எழக்கூடும். உடனிருத்தல் மட்டும் போதுமா? போதாது என்பதற்கு இந்நாட்டின் வரலாறே சான்று. 19ஆம் நூற்றாண்டில் இலங்கையில் வேட்டையாடிய ஆங்கிலேயர்கள் தாம் கொன்றவற்றை நேரிற் கண்டே கொன்றனர். 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்த மேஜர் ரொஜர்ஸ் என்பவர் 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் எனக் கூறப்படுகிறது. நுவரெலியாவில் வாழ்ந்த சாமுவேல் பேக்கர் தமது வேட்டைகளை 1850களில் நூலாகவே எழுதி வெளியிட்டார். அரசாங்கமும் யானையொன்றுக்கு இவ்வளவு எனச் சன்மானம் வழங்கிற்று. குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த எமர்சன் டெனன்ற் 1859இல் வெளியிட்ட நூலில், 1848க்கு முந்திய மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் கொல்லப்பட்ட 3,500 யானைகளுக்குச் சன்மானம் கோரப்பட்டதாகக் குறிப்பிடுகிறார். 1851க்கும் 1856க்கும் இடையில் தென் மாகாணத்தில் 2,000 யானைகளுக்கு இவ்வாறு பணம் வழங்கப்பட்டது. இவர்களுக்குக் கண் இருந்தது. முன்னே நின்றது யானையென்பதும் தெரிந்திருந்தது. இல்லாதிருந்தது அளவு. உண்பதற்குக் கொல்பவனை வயிறு நிறுத்தும். எண்ணிக்கைக்காகக் கொல்பவனை நிறுத்துவதற்கு எதுவுமில்லை.

இதற்கு மாறாக நமது நாட்டின் வேடுவரை நோக்கலாம். 1911இல் செலிக்மன் தம்பதியர் வெளியிட்ட ஆய்வு, வேடுவர் ஒவ்வொரு குழுவினருக்கும் வேட்டை நிலத்துக்கு எல்லை இருந்ததையும், பிறர் எல்லைக்குள் இசைவின்றி வேட்டையாடுதல் தவறாகக் கருதப்பட்டதையும் கூறுகிறது. வேட்டை வாய்ப்பதற்குக் ‘கண்டே யக்கா’ என்னும் முன்னோன் ஆவியை அவர்கள் வேண்டினர். வாய்த்தபின் அதற்குப் படையலிட்டனர். கிடைத்த இறைச்சி தமது திறமையால் மட்டும் வந்ததன்று, பெற்றுக்கொண்டது என்னும் உணர்வே இச்சடங்கிற் புலப்படுகிறது. பெற்றுக்கொண்டவன் தந்தவருக்குக் கடப்பாடுடையவன்.

வேடுவரிடம் இருந்தது வில்லும் அம்புமே. அவர்களது தொகையும் சிறிது. ஆகவே அவர்களது அளவு அறத்தினால் வந்ததன்று, இயலாமையால் வந்தது என ஒருவர் வாதிக்கலாம். இவ்வாதத்தை முற்றாக மறுக்க நான் விரும்பவில்லை. என் அம்மப்பாவின் பொறுமையிலும் இடியன் துவக்கின் ஒற்றை வெடிக்குப் பங்கு உண்டு என்பதை முன்னரே குறிப்பிட்டேன். ஆயின், இதிலிருந்து பெறப்படும் முடிவு வேறு. கருவி மெலிதாயிருந்த காலத்தில் அம்மெலிவே ஓரளவு காவலாயிருந்தது. கருவி வலிதாகும்போது அக்காவல் நீங்கிவிடுகிறது. நீங்கிய இடத்தை மனிதன் தன் மனத்தால் நிரப்ப வேண்டியவனாகிறான். இருளில் விலங்கின் கண்ணைக் கூசச்செய்யும் மின்விளக்கும், அடுத்தடுத்து வெடிக்கும் துவக்கும், ஒரு நாளில் நூறு வைக்கக்கூடிய கம்பியும் கைக்கு வந்தபின், முன்னோர் செய்யாது விட்டதை இன்று நாம் தெரிந்தே செய்யாது விடவேண்டும். வேட்டைக்காரனின் பொறுப்பு அவனது கருவியின் ஆற்றலோடு வளரவேண்டியதாகும்.

அளவிறந்து கொன்றவர்களும் காலப்போக்கிற் சிலவற்றைக் கற்றனர். 1872இல் யானை, எருமை முதலியவற்றின் வரைமுறையற்ற அழிவைத் தடுக்கச் சட்டம் வந்தது. 1894இல் வேட்டை விலங்குகளைப் பாதுகாப்பதற்கான சங்கம் தோன்றிற்று. அதனைத் தோற்றுவித்தோருள் தாமே வேட்டைக்காரராயிருந்த தோட்டத்துரைமார் முக்கியமானவர்கள். 1900இல் யால ஒதுக்ககம் ஆயிற்று. அதனை அடுத்த பகுதியொன்று நாட்டில் வதியும் வேட்டைக்காரருக்கென வைக்கப்பட்டது. வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937இல் இயற்றப்பட்டு மறு ஆண்டு நடைமுறைக்கு வந்தது. யாலவும் வில்பத்துவும் 1938இல் தேசிய பூங்காக்களாயின. இன்று நாம் பெருமைப்படும் காடுகள் பல இவ்வழியிலேயே காக்கப்பட்டன என்பதை நன்றியுடன் ஏற்கவேண்டும். ஆனால், அப்பாதுகாப்பு நீண்டகாலம் யாருக்காக இருந்தது என்பதையும் கேட்கவேண்டும். விளையாட்டுக்குச் சுட்டவன் கனவானாகவும், அதே மானைப் பசிக்குச் சுட்ட கிராமத்தவன் திருடனாகவும் எண்ணப்பட்ட காலம் அது.

அந்த ஏற்றத்தாழ்வு முற்றாக மறைந்துவிடவில்லை. 1983இல் மாதுறு ஓயா தேசிய பூங்கா பிரகடனம் செய்யப்பட்டபோது தம்பானை வேடுவரின் வேட்டை நிலம் அதனுள் அடங்கிற்று. பலர் வேறிடத்திற் குடியேற்றப்பட்டனர். தலைவர் ஊருவரிகே திசாஹாமியும் சில குடும்பத்தினரும் தம் ஊரை விட்டு அகல மறுத்தனர். எல்லை வகுத்து வேட்டையாடி, கிடைத்ததற்குப் படையலிட்டு வந்தோர் ஒரே நாளிற் குற்றவாளிகளாயினர். நான் சட்டத்தைக் குறைகூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. யானைகளும் சிறுத்தைகளும் எஞ்சியிருப்பது சட்டத்தினாலேதான். ஆனால், பொறுப்பென்பது வெளியிலிருந்து இடப்பட்ட தடையாக மட்டும் நிற்குமாயின் காவலாளன் போனபின் அதுவும் போய்விடும். துவக்கோசை காவலாளனை அழைத்துவரும், கம்பிக்கு ஓசையில்லை. ஆகவே தடைக்கு அஞ்சியவன் துவக்கைக் கைவிட்டுக் கம்பியை எடுத்தான். அச்சம் அவனது முறையை மாற்றிற்று, மனத்தை மாற்றவில்லை.

மனம் மாறிய வேட்டைக்காரர் ஒருவரைப் பற்றி இங்கு கூறுதல் பொருந்தும். அமெரிக்கரான அல்டோ லியோபோல்ட் வாழ்நாள் முழுவதும் வேட்டையாடியவர். காடுகளைப் பேணும் பணியில் இருந்தவர். அவர் 1948இல் இறந்த பின்னர், 1949இல் வெளிவந்த அவரது கட்டுரைத் தொகுதியில் இளமைக்கால நிகழ்ச்சியொன்று விவரிக்கப்படுகிறது. ஓநாய்கள் குறைந்தால் மான்கள் பெருகும், வேட்டையும் பெருகும் என நம்பிய காலத்தில் அவரும் நண்பரும் ஓர் ஓநாயைச் சுட்டனர். அதனருகே சென்றவர் அதன் கண்களில் ஒளி அணைவதைக் கண்டார். பின்னர், ஓநாய்கள் ஒழிக்கப்பட்ட மலைகளில் மான்கள் மிகுந்து, செடிகொடிகளையெல்லாம் தின்று தீர்த்து, தாமும் பட்டினியால் மடிந்ததையும் கண்டார். இதிலிருந்து, மனிதனின் கடப்பாடு தனித்தனி விலங்குகளோடு நின்றுவிடாது. மண், நீர், தாவரம், விலங்கு ஆகிய அனைத்தும் சேர்ந்த நிலத்துக்கே உரியது என்னும் கருத்துக்கு அவர் வந்தார். வேட்டைக்காரனின் நடத்தையைப் பார்த்து மெச்சவோ கண்டிக்கவோ பார்வையாளர் இல்லை என்பதையும், ஆகவே அவனுக்கு மனச்சாட்சியே விதி என்பதையும் வற்புறுத்தியவர் அவரே. இக்கட்டுரையின் தொடக்கத்திற் கூறிய கருத்துக்கு நான் அவருக்குக் கடமைப்பட்டுள்ளேன். அவர் ஓநாயின் அருகே சென்றார் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. செல்லாதிருந்தால் எதையும் கற்றிருக்க மாட்டார்.

நமது நாட்டில் ஓநாய் இல்லை, புலியும் இல்லை. காட்டு உணவுச் சங்கிலியின் உச்சியில் நிற்பது சிறுத்தையே. 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதியில், லக்சபான தோட்டத்தில், மிக அரிதான கருஞ்சிறுத்தையொன்று கம்பிச் சுருக்கில் அகப்பட்டது. உயிருடன் மீட்கப்பட்டு உடவளவைக்குக் கொண்டுசெல்லப்பட்ட போதிலும், சில நாட்களில் அது இறந்தது. அதே மாதத்தில் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், வெடிமருந்து வைத்த காயைக் கடித்து வாய் சிதைந்த கருவுற்ற யானையொன்று ஆற்று நீரில் நின்றபடியே உயிர்விட்டது. நமது நாட்டிலும், சிங்களத்தில் ‘ஹக்க பட்டஸ்’ என வழங்கும் வாய்வெடிகளைப் பன்றிக்கென வைக்க, அவற்றைக் கடித்து யானைக் கன்றுகள் உணவருந்த முடியாது பல நாள் வருந்தி இறக்கின்றன. கட்டுத்துவக்கோ, விலங்கையும் விறகு பொறுக்கச் செல்லும் மனிதனையும் பிரித்தறியாது. இவையனைத்திலும் கொன்றவன் இறந்ததை நாடவில்லை. நாடவில்லை என்பது அவனுக்குத் தீர்ப்பில் விலக்கு அளிக்குமா? அளிக்காது என்பேன். எதைக் கொல்லும் என்று அறியமுடியாத கருவியை வைத்துச் செல்பவன், அது கொல்லும் அனைத்துக்கும் முன்கூட்டியே இசைவு கொடுத்தவனாகிறான்.

இதுவரை கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, வேட்டையாடுவோனின் பொறுப்பு மூன்று கூறுகளைக் கொண்டதெனலாம். ஒன்று உடனிருத்தல்: எதனைக் கொல்கிறோம் எனக் கண்டு, விடவேண்டியதை விடுதல். இரண்டு அளவு: தேவையில் தொடங்கித் தேவையில் முடிதல். மூன்று முடித்துவைத்தல்: காயப்பட்டதைத் தேடிச்சென்று துன்பத்தை நிறுத்துதல், வைத்ததை எடுத்தல், வந்த இடத்தை வந்தபடி விட்டு நீங்குதல். மூன்றாவதை நாம் பெரிதும் மறந்துவிடுகிறோம். ஊவாவின் பத்தனைப் புல்வெளிகளுக்கு, இளம்புல் தளிர்த்தால் விலங்கு வரும் என்று தீ வைப்போர் உளர். தீ புல்லோடு நிற்பதில்லை. ஓரத்துக் காட்டைத் தின்று, மண்ணை மழைக்குத் திறந்துவிடுகிறது. மண் இழந்த மலையில் ஊற்றும் வற்றும். ஒரு மரைக்காக வைத்த தீயின் கணக்கைப் பள்ளத்தாக்கில் வயல் செய்பவன் நெடுங்காலம் செலுத்துகிறான். காட்டிற் கைவிடப்பட்ட கம்பியும் இத்தகையதே. வைத்தவன் ஊரைவிட்டுப் போயிருக்கலாம், இறந்தும் இருக்கலாம், கம்பி காத்திருக்கும்.

இவ்விடத்தில், வறியவன் மீது சுமையேற்றுகிறேன் என்னும் குற்றச்சாட்டை நான் எதிர்நோக்க வேண்டியுள்ளது. கடன்பட்டு விதைத்த கச்சானை ஒரே இரவிற் பன்றிக்கூட்டம் உழுதுவிட்டுச் செல்லக் கண்டவனிடம் காட்டின் அறம் பற்றிப் பேசுவது எளிதன்று. பகல் முழுவதும் உழைத்தவன் இரவு முழுவதும் காவற்கொட்டிலில் விழித்திருக்க முடியாது. அவன் உறங்கும்போது கம்பி விழித்திருக்கிறது. எனவேதான் அவன் கம்பியை நாடுகிறான். இதனை மறந்து அவனை மட்டும் பழிப்பது அநீதியாகும். வேலிக்கும் காவலுக்கும் இழப்பீட்டுக்கும் வழிசெய்யாத சமுதாயம், காட்டைக் காக்கும் செலவு முழுவதையும் காட்டோரத்தில் வாழும் ஏழையின் தலையில் வைத்துவிட்டு, நகரத்திலிருந்து அவனுக்கு அறம் போதிக்கிறது. ஆயினும், பயிரைக் காக்க வைத்த கம்பியையும் இறைச்சிக் கடைக்காக நடுக்காட்டில் வரிசையாக வைத்த கம்பியையும் ஒன்றாகக் கொள்ள முடியாது. முன்னதில் தேவை உண்டு. அதற்கு மாற்றுவழி காண்பது நம் அனைவரதும் கடன். பின்னதில் வாங்குபவனே தேவையை உண்டாக்குகிறான்.

அவ்வாறு வாங்குபவர் யார்? இவ்விதழைப் படிக்கும் நாமும் அவர்களுள் அடங்குவோம். விடுமுறை முடிந்து வரும் நண்பன் கொண்டுவரும் வற்றலையும், விருந்துகளில் மறைவாகப் பரிமாறப்படும் மரை இறைச்சியையும் நாம் அறியாதவர்களல்லோம். தடைசெய்யப்பட்டது என்பதனாலேயே அதற்கு ஒரு சுவை கூடிவிடுகிறது. கம்பியை வைத்தவன் சாவின்போது அங்கில்லை. நாமோ கம்பி வைத்தபோதும் அங்கில்லை. இவ்வாறு சாவுக்கும் தட்டுக்கும் இடையே தொலைவு நீள நீளப் பொறுப்பு மெலிந்து, ஈற்றில் எவருடையதும் அல்லாததாகிவிடுகிறது. அறம் பற்றிய நூல்களைப் பயிலும் நாம், தட்டில் உள்ளது எவ்வாறு இறந்தது எனக் கேட்கும் துணிவையாவது பெறவேண்டும். விடை தெரியாவிடின் உண்ணாதிருத்தல் பெரிய தவமன்று.

இறுதியாக, அன்று காட்டில் நிகழ்ந்ததன் எஞ்சிய பகுதியையும் கூறிவிடுகிறேன். அம்மப்பா அந்தச் சுருக்கை மரத்திலிருந்து அவிழ்த்துக் கையிற் சுற்றிக்கொண்டார். பசுவைத் தேடி வந்ததையே மறந்தவர்போல, விலங்குகள் நடந்த ஒற்றையடித் தடத்தின் வழியே குனிந்து பார்த்தவாறு நடந்தார். பொழுது சாய்வதற்குள் மேலும் ஏழு கம்பிகளை எடுத்தார். அவற்றை வைத்தவன் யாரென அவருக்குத் தெரிந்திருக்கும் என்றே நான் எண்ணுகிறேன். எங்கள் ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் உறவினர். அவர் எவர் பெயரையும் சொல்லவில்லை. கம்பிகளை வீட்டு வேலியிற் பாதையைப் பார்த்தபடி தொங்கவிட்டார். போவோர் வருவோர் கண்டனர். எவரும் எதுவும் கேட்கவில்லை. சில நாட்களில் அவை துருவேறின.

அம்மப்பா இன்று இல்லை. அவர் பல உயிர்களைக் கொன்றவர். அதனை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் தாம் கொன்ற ஒவ்வொன்றையும் அவர் கண்டிருந்தார். தாம் கொல்லாத ஒன்றுக்காகவும் ஒரு பிற்பகல் முழுவதும் குனிந்து நடந்தார். காட்டிற் சாட்சியில்லை என்பது உண்மையே. ஆயினும் சாட்சியாக நிற்க முன்வந்த ஒருவரை நான் கண்டிருக்கிறேன். அவர் வேலியில் தொங்கவிட்ட கேள்விக்கு எங்கள் வீட்டுச் சமையலறையில் நாங்கள் விடை கூறவில்லை. இக்கட்டுரை அக்கேள்விக்குக் காலந்தாழ்த்தி எழுதப்பட்ட ஒரு விடையாகும்.